காலியான ஆசனமும் ஐந்து ஓலைகளும்

மணற்கரை ராஜா வீரமாறருக்குக் கோபமும் சிரிப்பும் அடுத்தடுத்து வரும். அன்று முதலில் வந்தது கோபம்.

சபையில் மதலேனாள் நின்றாள். தோளில் காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தை.

"மகாராஜா, ரோமாபுரியின் புதுப் பாப்பரசர் பழைய லத்தீன் பூசையை மாற்றிவிட்டாராம். அதனால் அவர் தேர்வே செல்லாது என்று உபதேசியார் கோயிலைப் பூட்டிவிட்டார். என் பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பயமாயிருக்கிறது."

உபதேசியார் வியாகுலம் நாலு பெரியவர்களோடு முன்னே வந்தார். "முதல் பாப்பரசர் இராயப்பரின் ஆசனம் இப்போது காலி, பிரபு! நம் கோயிலுக்குச் சாமியாரை அனுப்பியவர் பாப்பரசரே இல்லை. ஞானஸ்நானமென்று அந்தச் சாமியார் ஊற்றுவது வெறும் தண்ணீர். ஆசனம் நிரம்பட்டும், அப்போதே சாவி தருகிறேன்."

ராஜா தம் மந்திரியிடம் திரும்பினார். "லாசரே! பொழுது சாய்வதற்குள் ஆசனத்தை நிரப்பும். இல்லையேல் கோயில் உப்புக் கிடங்காகும்!"

ரோமாபுரிக்குக் கப்பலில் போகவே மாதக்கணக்காகும். மதலேனாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

லாசர் பணிவாகச் சொன்னார்: "பெரியவர்களே, பழைய லத்தீன் என்றால் எனக்கும் உயிர். ஆசனம் காலி என்றால் நாமே நிரப்பலாமே? உங்களைவிடப் பக்தர் யார்? ரோமாபுரியில் செய்வதுபோல அறைக்குள் இருந்து, ஆளுக்கோர் ஓலையில் தகுதியானவர் பெயரை எழுதுங்கள். முடிவானால் ஓலைகளை எரித்து வெள்ளைப் புகை காட்டுங்கள். முடிவாகாவிட்டால் கறுப்பு."

ஐவர் முகமும் மலர்ந்தது. "வெள்ளை அங்கிக்கு எத்தனை முழம் வேண்டும்?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நெடுநேரமாகியும் புகை வரவில்லை. கூச்சல்தான் வந்தது. லாசர் கதவைத் திறந்து ஓலைகளை வாங்கி வந்தார்.

"என்ன ஓய், ஆசனம் நிரம்பியதா?"

"நிரம்பியதாவது! ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், மகாராஜா. ஐந்து ஓலை, ஐந்து பெயர். அவரவர் பெயரை அவரவர் கையாலேயே எழுதியிருக்கிறார்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. வியாகுலம் தலைகுனிந்து சாவியை நீட்டினார்.

மதலேனாள் லாசரிடம் மெல்லக் கேட்டாள்: "அந்தத் தண்ணீர் செல்லுமா ஐயா?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஊற்றுகிறார்கள் தாயி. அதில் பாப்பரசர் பெயர் எங்கே வருகிறது? ஓடு!"

சாமியார் பழைய லத்தீனிலேயே செபித்துத் தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டு அழுதது. முதல் ஆமென் வியாகுலத்துடையது.

ராஜா லாசருக்கு முத்துமாலை போட்டார். கூட்டம் கலைந்ததும் வியாகுலம் லாசரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்.

"அந்த ஓலைகளை... எரித்துவிடலாமே?"

"தாராளமாக எரிக்கலாம், பெரியவரே. புகைதான் கறுப்பாக வரும்."