இரண்டு கதவு, இரண்டு பெயிண்ட்

அம்பத்தூரில் பவுனம்மா என்று ஒரு பெயிண்டர் இருந்தாள். இருபது வருஷம் மேஸ்திரிக்குக் கீழே சுவர் தேய்த்தவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை, ஜெபராணி டீச்சர் வீட்டுச் சமையலறை அலமாரி. பன்னிரண்டு லேமினேட் கதவுகள். டீச்சர் யோசனை கேட்க அழைத்திருந்த அலங்கார நிபுணர் சுகந்தராஜ் ஒரு பெயிண்ட் டின்னோடு வந்தார். பவுனம்மா கையில் உப்புத்தாளைப் பார்த்ததும் குதித்தார்.

"வழவழன்னு இருக்கிற லேமினேட்ல உப்புத்தாளா? கிறுக்கா உனக்கு? இது வெளிநாட்டு பெயிண்ட். தேய்க்காம அப்படியே அடி. முடியாதுன்னா கிளம்பு, வேற ஆள் இருக்கு."

"படிச்சவங்க நீங்க தப்பாவா சொல்வீங்க சார்? ஒரு கதவை உங்க வழியில அடிக்கிறேன், ஒண்ணை என் வழியில. நாலு நாள் காயட்டும். டீச்சரம்மா பாத்துச் சொல்லட்டும்."

அவர் கதவில் அவர் பெயிண்டை நேரே பூசினாள். தன் கதவை லேசாகத் தேய்த்து, துடைத்து, பிடிமானத்துக்கு ப்ரைமர் கொடுத்து, மேலே எனாமல் அடித்தாள்.

நாலாம் நாள் அவர் கதவுதான் கூடுதலாக மின்னியது. "பாத்தீங்களா டீச்சர்!" என்று மீசையை நீவினார்.

பவுனம்மா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். தன் கதவில் அழுத்தி உரித்தாள்; பொட்டு மட்டும் வந்தது. அவர் கதவில் அழுத்தி உரித்தாள். பொட்டோடு வட்டமாகப் பெயிண்டும் வந்தது. உள்ளே பழைய பழுப்பு நிறம் பல்லை இளித்தது.

"சார் பெயிண்ட் நல்லாத்தான் ஒட்டுது டீச்சரம்மா. ஆனா பொட்டுல."

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சார் கதவையும் சேத்து மீதிப் பதினொண்ணையும் நீயே தேய், பவுனம்மா. சார், போகும்போது மறக்காம அந்த டின்னை எடுத்துக்கோங்க."