பன்னிரண்டாம் பானை

வெகு காலத்துக்கு முன்னே, கேளுங்கள், வேங்கைநாட்டில் பவளாயி என்றொரு ஓடக்காரி இருந்தாள். அவள் தங்கை சிட்டுவின் உயிரை வக்கிரகேது என்ற மந்திரவாதி பறித்துப் பானைக்குள் அடைத்தான். அவனுடைய குகை நடுவே சிட்டு கல்லாகிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை கல்!

பவளாயி படகை விட்டுவிட்டுக் குகைக்கு ஓடினாள். அங்கே ஆயிரம் பானைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண். காவலுக்கு ஒரு பூதம். சொன்னதைச் செய்யும், சொல்லாததை இம்மியும் செய்யாது.

"அடி ஓடக்காரி, பூதத்தை மூன்று முறை ஏவலாம். உயிர் இருக்குமிடம் பன்னிரண்டுக்குத் தெரியும்" என்று சிரித்தான் வக்கிரகேது.

"பூதமே, பன்னிரண்டைக் கொடு!"

பூதம் பன்னிரண்டு கூழாங்கற்களை எண்ணிக் கொடுத்தது. சிட்டு இடுப்புவரை கல்லானாள்.

"பாழாய்ப்போன பூதமே! பன்னிரண்டாம் பானைக்குள் இருப்பதைப் பார்த்துச் சொல்!"

"ஓர் ஓலை. நாற்பது என்று எழுதியிருக்கிறது."

சிட்டு கழுத்துவரை கல்லானாள். நாற்பதாம் பானையைக் கேட்கப் பவளாயி வாயெடுத்தாள். அதற்குள் வக்கிரகேது கைதட்டினான். குகை முழுக்கப் புகை. பானைகள் கடகடவென உருண்டன. புகை விலகியபோது அவன் விரலில் ஈர மை!

பவளாயிக்குப் பளிச்சென்று புரிந்தது. உயிரை வேறு பானைக்கு மாற்றிவிட்டான். ஆயிரத்தில் எதில் வைத்தோம் என்று அவனுக்கே நினைவிருக்காது. அதனால்தான் மறுபடி ஓலையில் எழுதியிருக்கிறான். நாற்பதைக் கேட்டிருந்தால் தங்கை போயிருப்பாள்!

"பூதமே, பன்னிரண்டாம் பானை ஓலையைப் பார். இப்போது அதில் என்ன எண் இருந்தாலும் சரி, அந்த எண்ணுள்ள பானைக்குப் போ. அதற்குள் இருப்பதைக் கொண்டு வா!"

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான் மந்திரவாதி.

பூதம் பார்த்தது, நடந்தது, எழுநூற்று மூன்றாம் பானைக்குள் கைவிட்டது. கையில் மினுக்கென்று ஒரு சுடர்! அது சிட்டுவின் நெஞ்சில் பாய்ந்ததும் கல்லெல்லாம் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. ஆயிரம் பானைகளும் வெடித்தன. அடைபட்ட உயிர்களெல்லாம் வீடு நோக்கிப் பறந்தன. மந்திரம் போன வக்கிரகேது எடுத்தான் ஓட்டம்.

சிட்டு கண்ணைக் கசக்கினாள். "ஏன் அக்கா அழுகிறாய்? நாமதான் ஜெயிச்சிட்டோமே!"

அழுதபடியே சிரித்தாள் பவளாயி. தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் அதிரக் கூவியபடி ஆற்றங்கரைக்கு இறங்கினாள்.