சுயநிதிப் பிரிவில் ஓர் உபவாசம்

சென்னையில் ஒரு கல்லூரி. அதன் தத்துவத் துறையில் ஆசிரியர்கள் இரண்டே பேர். பேராசிரியை மெஹருன்னிசாவுக்கு அரசு கொடுக்கிற சம்பளம். மாலையில் நடக்கும் சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கும் பொன்னுரங்கத்துக்கு நிர்வாகம் கொடுக்கிற சம்பளம். இருவரும் நடத்துவது ஒரே பாடம்தான். ஆனால் மெஹருன்னிசா வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பொன்னுரங்கத்துக்கு வராது.

முனைவர் பட்டத்துக்குப் பொன்னுரங்கம் மெஹருன்னிசாவிடம்தான் படித்தார். வயதில் அவரைவிட இரண்டு வருஷம் மூத்தவர் என்றாலும், மேடம் வந்தால் இன்றும் எழுந்து நிற்பார்.

அன்று மதியம், சம்பள உயர்வு கேட்டு மாடியில் கல்லூரிச் செயலாளரைப் பார்க்கப் போனார். வணிகவியலுக்கும் கணினிக்கும் ஏற்றிக் கொடுத்தாகிவிட்டது. தத்துவத்துக்கு மட்டும் ஆறு வருஷமாக அதே தொகை. வில்லிவாக்கத்து வீட்டு வாடகையே அதில் பாதியை விழுங்கிவிடும். இந்த வருஷமும் ஏறவில்லை என்றால் மகளைப் பள்ளி மாற்றியாக வேண்டும். இந்த முறை விடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

போனவர் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“‘ஆசையை விடுன்னு பாடம் நடத்தறவர் நீங்க. உங்களுக்கே இவ்வளவு ஆசையா சார்?’னு சிரிச்சார் மேடம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவர் சொல்றதும் நியாயம்தானேன்னு பட்டுது. சம்பளம் ஏத்த வேண்டாம் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. பாவம், இத்தனை வருஷம் துறவைப் பற்றிப் பேசியே தொண்டை வறண்டவருக்கு, ஒருநாளாவது துறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்ததே. ஆனால் மகள் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தப் பெருமை நிற்கவில்லை.

“தத்துவம் சொல்லித் தர்றவன் சம்பளம் கேக்கறது தப்பா மேடம்?”

மெஹருன்னிசா மேஜைமேல் இருந்த பொன்னுரங்கத்தின் டிபன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன.

மேடத்துக்கு ஒரு வாய் வேண்டும் போலிருக்கிறது என்று பொன்னுரங்கம் சும்மா இருந்தார். ஒரு வாய் நாலு வாய் ஆனது. பாதி டப்பா காலியானது. செயலாளரைப் பார்ப்பதற்காகக் காலையிலேயே வெறும் காபியோடு ரயில் ஏறியவர், உருளைக்கிழங்கு ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. மெஹருன்னிசா கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“இன்னிக்கு நீங்க உபவாசம். பெரிய மனசு உங்களுக்கு.”

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. மேடத்திடம் இதுவரை ஒருநாளும் வராத கோபம்.

“நான் எங்க மேடம் உபவாசம் இருந்தேன்? என் சாப்பாட்டை நீங்க எடுத்துச் சாப்பிட்டுட்டீங்க. எனக்குப் பசிக்குது.”

மெஹருன்னிசா இன்னும் திறக்காத தன் டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு, இப்ப என்கிட்ட சொன்னதை இதே குரல்ல மாடியில போய்ச் சொல்லுங்க.”