வெறும் வயிறு

முட்டாள்களுக்கு இலக்கணம் தெரியாது என்றொரு நம்பிக்கை அறிவாளிகளிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. பெரும்பிழை. இலக்கணத்தை அவர்கள் அளவுக்கு மதிப்பவர் எவருமில்லை. சான்று, பூவலிங்கத்தின் வயிறு.

மொட்டைக்குளம் பஜனைக் குழுவின் தலைவர் பூவலிங்கத்துக்கு இரண்டு மாதமாக வயிற்றுவலி. குரலை மேலே ஏற்றினால் வலியும் கூடவே ஏறியது. கோயில் கொடைத் திருவிழாவுக்கோ பத்தே நாள். படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்றாள் எக்ஸ்ரே அறைப் பெண்.

குழுவின் மற்ற மூவரும் கூடி ஆராய்ந்தார்கள்.

"வெறுங்கால்னா என்ன?" என்று கேட்டார் தாணு.

"செருப்பு போடாத கால்" என்றார் மாசானம்.

"அப்ப வெறும் வயிறு?"

"சட்டை போடாத வயிறு" என்று முடித்தார் இசக்கி.

டாக்டர் என்றாலே பட்டினி போடுவார் என்று அஞ்சியிருந்த பூவலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. எட்டு இட்லி தின்றுவிட்டுச் சட்டையில்லாமல் பஸ் ஏறினார். அந்தப் பெண் இட்லிச் செய்தியைக் கேட்டு, எட்டு நாள் கழித்து வரச் சொன்னாள்.

அடுத்த முறை மூவரும் துணைக்கு வர, உண்ணாமலும் போனார், சட்டையில்லாமலும் போனார். எந்தப் பொருள் சரி என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

எக்ஸ்ரே அறைப் பெண் ஒரு செம்பு நிறைய வெள்ளை மருந்தைக் கொடுத்தாள். "இதைக் குடிச்சாத்தான் படத்துல தெரியும். முழுசும் குடிங்க" என்று சொல்லி உள்ளே போனாள்.

"இருபது வருசமா அண்ணாச்சி பக்கத்துல நின்னு தாளம் போட்டவன் நான்" என்றார் தாணு. "படத்துல மட்டும் தெரியாம போவேனா?"

"மருந்து எனக்குல்லா தந்தா" என்றார் பூவலிங்கம்.

"ஒருத்தருக்குன்னா 'குடி'ம்பா. 'குடிங்க'ன்னுல்லா சொன்னா. பன்மை, அண்ணாச்சி" என்றார் மாசானம்.

பன்மையை மதித்துச் செம்பை அவர்களிடம் நீட்டினார் பூவலிங்கம். மூவரும் குடித்துத் தந்த செம்புக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். சுண்ணாம்பு போலிருந்தது.

மூவரும் தலைவாரிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே விட்டதோ பூவலிங்கத்தை மட்டும்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுல வயிறே தெரியலையே" என்றார்.

வெளியே வந்து குழு நெடுநேரம் யோசித்தது. "சந்தோசப்படுங்க அண்ணாச்சி" என்றார் இசக்கி. "வயிறே இல்லாதவருக்கு வயித்துவலி எங்கேருந்து வரும்?"

"வலிக்குதேடே."

"அது பழக்கதோசம்."

எதிரே இருந்த ஓட்டலில் நால்வரும் போய் உட்கார்ந்தார்கள். தாணு மூன்று சாப்பாடு சொன்னார்.