ஐந்துக்கும் ஒரே இலை

மூன்றாவது குடத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா அதைத் தரையில் கவிழ்த்தார். வெளிறிய தண்ணீர் புளித்த வாடையோடு பரவி மாசிலாமணியின் செருப்பை நனைத்தது. அவர் விலகவில்லை.

“போன மாசம் துணி துவைக்கவாவது ஆச்சு,” என்றார் அம்மா.

மடத்துக் கிணற்றுத் தண்ணீர் அது. மேட்டில் ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கு கழுவிய நீர் அங்கே குழியில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, கீழே செம்பாறைக்காட்டுக் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போயின. மீதம் இருந்தது மடத்துக் கிணறு ஒன்றுதான்.

மடத்தை நடத்தி வந்த அந்தப் பெண்ணை அவரைவிட மூத்தவர்களும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மாசிலாமணி அப்படி மூத்தவர்களில் ஒருவர். உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வர ஆரம்பித்தவர். இப்போது ஒரு குழுவில் உறுப்பினர். உணவுப் பொட்டலங்களில் சுற்றுச்சூழல் குறி என்று ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொன்றை ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே குறி கொண்டுவருவது குழுவின் வேலை. அன்று பிற்பகல் நகரத்தில் கடைசிக் கூட்டம். வாசலில் கார் நின்றது.

பையிலிருந்து ஒரு ஜவ்வரிசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மூலையில், புதிய பொதுக் குறியின் மாதிரியாக, ஒரு பச்சை இலை.

“மேட்டு ஆலைச் சரக்கா?”

“ஆமாங்கம்மா.”

“இலை அழகா இருக்கு. மாடு பார்த்தா தின்னுடும்.”

மாசிலாமணி சிரிக்கவில்லை.

“பச்சைன்னா என்ன அர்த்தம்?”

“பூமிக்குக் கெடுதல் குறைச்சல்னு அர்த்தங்க.”

அம்மா ஈரத் தரையைப் பார்த்தார். மாசிலாமணி அவசரமாக விளக்க ஆரம்பித்தார்.

“அஞ்சு விஷயம் பார்க்கிறோம். பாசனத் தண்ணி, உரம், புகை, வண்டியில போற தூரம், கழிவு. குச்சிக்கிழங்கு மழையிலயே வந்துடுது. உரம் கொஞ்சம்தான். கிழங்கு விளையுற காட்டுக்குப் பக்கத்துலயே ஆலை, அதனால வண்டித் தூரமும் புகையும் குறைச்சல். நாலுலயும் நல்ல மதிப்பெண். கழிவுல மட்டும்தான் அடி. அஞ்சையும் கூட்டி வகுத்தா பச்சை வந்துடுது.”

“நம்ம மாநிலக் குறியில கழிவுக்குன்னு தனியா ஒரு கறுப்பு வட்டம் இருந்துச்சே?”

“மத்தவங்க குறியில அது இல்லீங்க. ஆளுக்கு ஒண்ணை விட்டுக்கொடுத்தாத்தான் ஒத்துவரும்னு நான்தான் சொன்னேன். கூட்டி வகுக்கிற யோசனையும் என்னுதுதான்.”

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?”

“கை தட்டினாங்க.”

அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“கடையில வரிசையில நிக்கிறவங்களுக்கு அஞ்சுக்கும் தனித்தனி வட்டம் போட்டா அதைப் படிக்க எங்கேம்மா நேரம்? ஒரே பார்வையில தெரியணும்.”

“தெரிஞ்சா?”

“வாங்குவாங்க. ஆலைக்காரன் கப்பல்ல ஏத்துவான். ஆலையை ரெண்டு மடங்காக்கப் போறதா மேனேஜர் இப்பவே சொல்லிட்டுத் திரியறான். அப்புறம் இந்தக் கழிவு நம்ம கிணத்தோட நிக்காது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருங்க...”

மாசிலாமணி பொட்டலத்தைப் பைக்குள் திணித்தார்.

“இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. போடலேன்னா இத்தனை வருஷ வேலையும் வீண். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன். கணக்குல தப்பே இல்லை. ஆனா படுத்தா தூக்கம் வரலை. மொத்தத்துல நல்ல சரக்குதான்னு சொல்றதுல தப்பு எங்கேம்மா இருக்கு?”

அம்மா கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

“வீட்டுல பிள்ளைங்க எப்படி இருக்காங்க?”

பேச்சை மாற்றுகிறார் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் பிள்ளைகளைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. இடது கையைத் தூக்கி, வலது கையால் விரல் மடக்க ஆரம்பித்தார்.

“மூத்தவ டாக்டர். கோயமுத்தூர்ல.” சுண்டுவிரல் மடங்கியது. “மூணாமவன் ரயில்வே. வீடு கட்டிட்டான்.” நடுவிரல். “கடைக்குட்டிக்குப் போன தையில கல்யாணம். மாப்பிள்ளை தங்கமான பையன். அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிறான், பாவம்.” ஆள்காட்டி விரல்.

மோதிர விரல் மட்டும் மடங்காமல் நின்றது.

“ரெண்டாவது?” என்றார் அம்மா.

இத்தனை வருஷத்தில் மடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மா கேட்கவேண்டிய தேவையே இல்லை. அந்தப் பையனின் திதிக்கு ஆண்டுதோறும் சாப்பாடு போடுவது இங்கேதான்.

“உங்களுக்குத் தெரியுமேம்மா.”

“பேரு?”

“செழியன்.” அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஏழு வயசு. சாதாரணக் காய்ச்சல்னுதான் நினைச்சோம்.”

“சரி. இப்போ மொத்தத்துல பிள்ளைங்க எப்படி இருக்காங்க?” அம்மாவின் குரல் உயரவில்லை. “கூட்டி வகுத்துச் சொல்லுங்க.”

மாசிலாமணி மடங்கிய மூன்று விரல்களையும் நின்ற மோதிர விரலையும் பார்த்தார்.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். “சார், இப்ப கிளம்பினாத்தான் கூட்டத்துக்குப் போய்ச் சேரலாம்.”

மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. அவன் காருக்குத் திரும்பிப் போனான்.

நின்றுகொண்டிருந்த அந்த விரலை மாசிலாமணி வலது கையால் பொத்திக்கொண்டார்.