நானூற்றுப் பதினேழு பாராமீட்டர்கள்

கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மூன்று மேதாவிகள் இருந்தார்கள். மேதாவிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டதால் மற்றவர்களுக்கு அந்த வேலை மிச்சம். கோகிலவாணி, பொன்னுரங்கம், இவர்களுக்குத் தலைவராக அங்கமுத்து. அவர் நாற்காலிக்கு மேலே, சுவரில், ‘குழுத்தலைவர்’ என்று ஒரு பித்தளைப் பலகை. செலோடேப் போட்டு ஒட்டியது.

“இந்த வேலை முடிஞ்சு பால் சொசைட்டிக்காரர் கையெழுத்துப் போடட்டும், ஸ்க்ரூ போட்டே முடுக்கிடலாம். இல்லேன்னா பழையபடி பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிடுங்க” என்று மேலாளர் வித்யாவதி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அங்கமுத்து தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து, டேப்பை நகத்தால் நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

வேலை இதுதான். சொசைட்டியில் பாலைக் குளிர வைக்கும் தொட்டிக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் அடிவயிற்றில், மற்ற நிரல்களையெல்லாம் ஆட்டிவைக்கிற கெர்னல். அந்தக் கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு தொட்டியின் மோட்டாரை ஓட்டுகிற நிரலுக்குப் பெயர் டிரைவர். அதைத்தான் இவர்கள் எழுத வேண்டும்.

பெங்களூரு கிளம்பும்போது வித்யாவதி மூன்று புத்தி சொன்னார். “எந்த எண்ணையும் டிரைவருக்குள்ள புதைச்சு வைக்காதீங்க. பாராமீட்டரா வெளியே ஒரு ஃபைல்ல வைங்க, வேணுங்கறவங்க மாத்திக்கட்டும். யாரும் எதையும் மாத்தலேன்னா இருக்கிற டீஃபால்ட், ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணாததா இருக்கட்டும். அப்புறம், ஒருத்தர் கைக்குப் போன பிறகு அது நடந்துக்கற விதத்தை மாத்தவே மாத்தாதீங்க.”

மூவரும் தலையாட்டினார்கள். ஆட்டியதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் டிகிரியை வெளியே எடுத்தார்கள். நிமிஷத்தை எடுத்தார்கள். நிமிஷத்துக்கு அறுபது விநாடி என்பதும் ஒரு எண்தானே, அதையும் எடுத்தார்கள். இப்படியே கிழங்கு தோண்டுவது போலத் தோண்டி நானூற்றுப் பதினாறு எண்களை வெளியே போட்ட பிறகு கோகிலவாணி தயங்கினாள்.

“அண்ணா, மூலையில ஒரு பூஜ்யம் கெடக்குதுங்க.”

“பூஜ்யம் எண்ணா?” என்றார் அங்கமுத்து.

“எங்க கணக்கு வாத்தியார் எனக்கு நெறைய போட்டிருக்காருங்க. எண்ணுதான்” என்றான் பொன்னுரங்கம், அனுபவஸ்தன்.

ஆகவே ‘பூஜ்யம்’ என்றொரு பாராமீட்டர் பிறந்தது. யாராவது அதை ஐந்து என்று மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கவலை வந்தது. கீழ் எல்லை போடு என்றார் தலைவர். கீழ் எல்லை எவ்வளவு என்று கேட்டாள் கோகிலவாணி. பூஜ்யம் என்றார்.

“எந்தப் பூஜ்யம்ணா? மாத்தறதுக்கு முந்தியா, பிந்தியா?”

டீ ஆறியது, ஆடை கட்டியது. கடைசியில், ‘பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே வைத்திருந்தால் எல்லோருக்கும் நல்லது’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு எழுந்தார்கள்.

அடுத்து டீஃபால்ட். நாலு டிகிரி என்றால் குழந்தைக்குத் தொண்டை கட்டும். மோட்டார் சுற்றினால் முந்தானை மாட்டும். யோசிக்க யோசிக்க உலகத்தில் கெடுதல் செய்யாத எண் ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. நானூற்றுப் பதினேழுக்கும் பூஜ்யம் போட்டார்கள். “ஓடாத மோட்டார் ஒருத்தரைக் கடிச்சதா சரித்திரமே இல்லை” என்று சொல்லி அங்கமுத்து பித்தளைப் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

திங்கள் காலை சொசைட்டிச் செயலாளர் நாச்சிமுத்து எண்ணூறு லிட்டர் பாலை ஊற்றினார். தொட்டி தியானத்தில் இருந்தது. போன் போட்டார்.

“ஏனுங் தம்பி, மோட்டாரு ஓட மாட்டேங்குதுங்களே?”

“நீங்க ஓடச் சொல்லலீங்களே. ஃபைல்ல ‘மோட்டார்_ஓட்டம்’னு இருக்கும், அதுக்கு நேரா ‘ஒன்று’ன்னு போடுங்க.”

போட்டார். ஓடவில்லை. ‘ஒன்று’ என்பதும் ஒரு பாராமீட்டர், அதற்கும் டீஃபால்ட் பூஜ்யம் என்று அங்கமுத்து பொறுமையாக விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் பால் தயிராகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து, கும்பிட்டுக் கேட்கிறேன், சரி செய்து கொடுங்கள் என்றார். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள்.

“நேத்து அது என்ன பண்ணுச்சு?”

“தயிருங்கண்ணா.”

“அவர் கைக்குப் போயிடுச்சா?”

“போயிடுச்சுங்க. எண்ணூறு லிட்டர்.”

“அப்ப இன்னிக்குக் குளிர வெச்சா, நடந்துக்கற விதத்தை மாத்தினதா ஆயிடும்” என்றார் அங்கமுத்து. ‘தங்கள் தொட்டியில் தயிர் என்றென்றும் தடையின்றிக் கிடைக்கும்’ என உறுதி கூறி நாச்சிமுத்துவுக்கு ஒரு கடிதம் போனது.

அதை நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மோட்டாரை நேராகச் சுவரிலிருந்த பழைய சுவிட்சில் மாட்டினார். பால் ஜில்லென்று ஆகிவிட்டது. மனசும் குளிர்ந்துபோய், கம்பெனி கொடுத்திருந்த படிவத்தை எடுத்தார். ‘டிரைவரால் இப்போது தொந்தரவு ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு நேராக, ‘இப்போது துளியும் இல்லை’ என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

திரும்பி வந்த வித்யாவதி அந்த ஒரு வரியைத்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமை டிரில்லிங் மிஷினோடு ஆசாரி மாடியேறி வந்தார். டேப்பை உரித்தார். பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எத்தனை ஸ்க்ரூ போடட்டுங்க சார்?”

அவர் கேட்டது ஒரு எண்ணை.

“அண்ணா, நீங்களா ஒண்ணைச் சொல்லிப் புதைச்சுடாதீங்க” என்று காதோடு சொன்னாள் கோகிலவாணி.

“டீஃபால்ட்டைச் சொல்லிடுங்க. ஸ்க்ரூ கூரா இருக்கு, குத்திடும்” என்றான் பொன்னுரங்கம்.

அங்கமுத்து கண்ணை மூடி, திறந்து, “பூஜ்யம்” என்றார்.

ஆசாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். சொன்னபடி பூஜ்யம் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் கையை எடுத்தார். பலகை நேராகத் தலைவரின் இடது கால் கட்டை விரலில் இறங்கியது. பாவம் என்று ஆசாரி குனிந்து அதை எடுக்கப் போனார்.

“மாட்டிடாதீங்க” என்றார் அங்கமுத்து, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, வெகு நிதானமாக. “ஒரு தடவை விழுந்துடுச்சு. இனி அது நடந்துக்கற விதத்தை மாத்தக்கூடாது.”

இப்போதும் தினமும் காலை ஒன்பதரைக்குப் பொன்னுரங்கம் பலகையைச் சுவரில் வைத்துக் கையை எடுக்கிறான். அங்கமுத்து இடது காலை அதே இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்.