ஆள்காட்டி ஏன் மரமேறுவதில்லை

பறவைகளுக்குப் பேச்சு இருந்த காலம் அது. அப்போது ஆள்காட்டிக் குருவியும் மற்றவற்றைப் போல மரக்கிளையில்தான் கூடு கட்டிச் சொகுசாகத் தூங்கியது. மலையில் யாராவது இறந்தால் நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை ஏற்றி மூடிவிடுவார்கள். மூடியதை யாரும் தொடக்கூடாது.

கோவனின் மனைவி வெள்ளச்சி காய்ச்சலில் கிடந்தபோது தேன் கேட்டாள். உச்சிப் பாறையில் தேனெடுத்து அவன் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள், கல்லறையும் மூடியாகிவிட்டது. ஒரு வாய் தேன் கொடுக்க முடியவில்லையே என்று அவனுக்கு மனசு ஆறவில்லை. ஊர்த்தலைவர் காலில் விழுந்து பார்த்தான். திறந்தால் ஊருக்கு ஆகாது என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

கோவன் தேன் குடுக்கையைக் கல்லறை ஓரமாக வைத்தான். உள்ளே தேன் விட ஒரு துளை போதும் என்று, ஆளில்லாத வேளை பார்த்து, மணலைத் தூவி, கூரான கல்லால் பலகையைத் துளைக்கத் தொடங்கினான். மரத்திலிருந்த ஆள்காட்டியிடம், "யாராச்சும் வந்தா ஒரு குரல் குடு தாயி" என்றான். அதுவும் சரி என்றது.

துளை விழுந்த அன்று நல்ல வெயில். கிளையில் காற்று சிலுசிலுவென்று வந்தது. ஆள்காட்டி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது, தூங்க வேறு நேரமே கிடைக்காதது போல. அதற்குள் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். குடுக்கையைத் தொடக்கூட விடாமல் கோவனை மலைக்கு அப்பால் விரட்டினார்கள்.

"அவ கேட்டதைக் குடுக்காமப் போறேனே" என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஆள்காட்டிக்குத் தாங்கவில்லை. கீழே இறங்கி, அலகில் சொட்டுச் சொட்டாகத் தேனை எடுத்து அந்தத் துளை வழியே உள்ளே விட்டது. குடுக்கை காலியாகும்வரை விட்டது. கொடுத்துவிட்டேன் என்று கோவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவன் எங்கே இருக்கிறான் என்றுதான் தெரியவில்லை. எப்படியும் வருவான் என்று கல்லறைப் பக்கத்திலேயே காத்திருந்தது. மறுபடி கண்ணயர்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் கிளைக்குப் போகவே இல்லை.

அந்த நாளிலிருந்துதான் ஆள்காட்டி மரமேறுவதை விட்டு, வெறுந்தரையில் கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. எந்தக் காலடி கேட்டாலும் பதறி எழுந்து கத்துகிறது. நம்மை விரட்டுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாவம் அது, வந்திருப்பது கோவனா என்று பார்க்கிறது.